ஏழு தடவை கொடுத்தாச்சே, இன்னும் எதுக்கு?

வாசற்கதவில் சாக்பீஸால் எழுதிய ஒரு 'எக்ஸ்'. 2000-களின் தொடக்கத்தில் உத்தரப்பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் போலியோ சொட்டு மருந்துக் குழுவினர் வீடு வீடாக ஏறி இறங்கியபோது, மருந்து கொடுத்து முடித்த வீட்டுக்கு 'பி' என்றும் குழந்தை விடுபட்ட வீட்டுக்கு 'எக்ஸ்' என்றும் குறி வைத்தார்கள். பூட்டிய வீடு, ஊருக்குப் போன குடும்பம் எல்லாமே அந்த எக்ஸில் அடக்கம். ஆனால் மொராதாபாத், மீரட், அலிகர் பக்கத்துக் குடியிருப்புகளில், குறிப்பாக முஸ்லிம்கள் வாழும் நெரிசலான தெருக்களில், பல எக்ஸ்களுக்குக் காரணம் வேறு. கதவைத் திறந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, 'வேண்டாம்' என்று சொன்ன வீடுகள் அவை.

டெல்லியிலும் லக்னோவிலும் இருந்தவர்கள் இதற்கு வைத்த பெயர் அறியாமை. 2002-ல் இந்தியாவில் 1,600 குழந்தைகளைப் போலியோ முடக்கியது. அதில் 1,242 பேர் உத்தரப்பிரதேசத்துக் குழந்தைகள். கண்ணெதிரே இவ்வளவு நடந்தும் மருந்தை மறுக்கிறார்கள் என்றால் விவரம் தெரியாதவர்களாகத்தானே இருக்க வேண்டும்? அறியாமைக்கு மருந்து அறிவு. துண்டுப் பிரசுரம் அச்சாகியது, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டப்பட்டது, சுவரெல்லாம் விளம்பரம் எழுதப்பட்டது. எக்ஸ் மட்டும் அழியவில்லை.

ஒருவர் மனத்தை மாற்றுவது பற்றி நம்மிடையே இரண்டு கட்சிகள் உண்டு. ஆதாரத்தை மேசையில் போடு, ஏற்காதவன் முட்டாள் என்பது முதல் கட்சி. இரண்டாவது கட்சி கொஞ்சம் நாகரிகமானது: கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடு என்கிறது. அனுசரணையாகப் பேசு, தலையாட்டு, நடுவில் ஆதாரத்தைச் செருகு. இரண்டு கட்சிக்கும் பொதுவான நம்பிக்கை ஒன்று இருக்கிறது. உண்மை முழுவதும் நம் கையில் இருக்கிறது, எதிரே இருப்பவரிடம் எதுவும் இல்லை என்பதே அது. உத்தரப்பிரதேசக் கதை அந்த நம்பிக்கையைத்தான் உடைத்தது. போலியோ ஒழிப்பின் வெற்றியைப் பேசும் மேடைகளில் அந்தப் பகுதியை அதிகம் கேட்க முடிவதில்லை.

மூன்று கேள்விகள்

வேண்டாம் என்றவர்களிடம் உட்கார்ந்து காரணம் கேட்டபோது முதலில் வந்தது மலட்டுத்தன்மை. சொட்டு மருந்தில் பிள்ளை பிறக்காமல் செய்கிற ஏதோ கலந்திருக்கிறது என்ற பேச்சு. சுத்தப் பொய். ஆனால் அந்தப் பொய் ஊன்றி நின்ற மண்ணில் ஒரு நிஜம் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77 என்ற ஒரே ஆண்டில், நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. கட்டாயத்தின் கொடுமை மிகுதியாக விழுந்த மாநிலங்களில் உத்தரப்பிரதேசமும் ஒன்று. முசாபர்நகரில் எதிர்த்துக் கூடியவர்கள் மீது 1976 அக்டோபரில் போலீஸ் சுட்டது. மொராதாபாத் மக்களுக்கு 1980-ல் ஈத்கா மைதானத் துப்பாக்கிச் சூட்டின் நினைவும் சேர்ந்துகொண்டது. 2002-ல் திண்ணையில் பாட்டியாக உட்கார்ந்திருந்தவர் 1976-ல் இளம் மனைவி. அரசாங்க ஆள் வீடு தேடி வந்து பிள்ளையின் வாயில் இலவசமாக எதையோ ஊற்றுகிறேன் என்றால் அவருக்கு என்ன தோன்றும்? 'அதெல்லாம் வதந்தி' என்று அதிகாரி சொன்னபோது, 1976-ம் நடக்கவில்லை என்று சேர்த்துச் சொன்னதாகவே அவர் காதில் விழுந்திருக்கும்.

இரண்டாவது கேள்வி: எங்கள் தெருவில் சாக்கடை ஓடுகிறது, குடிக்கும் தண்ணீர் நாறுகிறது, பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் மருந்து இல்லை; அதற்கெல்லாம் வராதவர்கள் போலியோவுக்கு மட்டும் மாதம் தவறாமல் ஏன் வருகிறீர்கள்? இதில் எங்கே அறியாமை இருக்கிறது? ஒரு பொருளை மட்டும் ஓயாமல் இலவசமாகத் திணிப்பவரைச் சந்தேகிப்பது எந்தச் சந்தையிலும் புத்திசாலித்தனம்தான்.

மூன்றாவதுதான் முக்கியமானது. ஏழு தடவை, எட்டுத் தடவை கொடுத்தாயிற்றே, இன்னும் எதற்கு? அத்தனை தடவை வாங்கிக்கொண்ட பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கே கால் போய்விட்டதே?

முதல் இரண்டு கேள்விகளுக்கு மனிதர்களால் பதில் சொல்ல முடிந்தது. யுனிசெஃப், ரோட்டரி, கோர் கூட்டமைப்பு போன்றவை சேர்ந்து உருவாக்கிய சமூக அணிதிரட்டல் வலையமைப்பில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். எல்லோரும் அந்தந்தத் தெருக்காரர்கள். யார் வீட்டில் எத்தனை பிள்ளை, யார் மாமியாருக்குக் கோபம் அதிகம் என்பதெல்லாம் அத்துப்படி. இமாம்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தையும் டெல்லி ஜாமியா மில்லியாவையும் சேர்ந்த பேராசிரியர்கள் தெருக்களுக்கு வந்தார்கள். இரண்டாவது கேள்விக்கான பதில் வர இன்னும் நாளாயிற்று. உத்தரப்பிரதேசத்திலும் பீகாரிலும் வைரஸ் விடாப்பிடியாகத் தங்கியிருந்த 107 வட்டாரங்களைத் தேர்ந்தெடுத்து, சொட்டு மருந்தோடு சுகாதாரம், தூய தண்ணீர், வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் என்று சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியபோது தசாப்தமே முடியவிருந்தது.

மூன்றாவது கேள்விக்கு அந்தப் பெண்களால் பதில் சொல்ல முடியவில்லை. 'இன்னும் ஒரு தடவை போட்டால் நல்லது' என்பதற்கு மேல் அவர்களிடம் எதுவும் இல்லை. ஏனென்றால் மேலிடத்திலும் இல்லை.

ஒன்பது சதவிகிதம்

2006-ல் 'சயின்ஸ்' இதழில் நிக்கோலஸ் கிராஸ்லி குழுவினரின் ஆய்வு வந்தது. அப்போது புழக்கத்தில் இருந்த மூவகை வைரஸ் சொட்டு மருந்தின் ஒரு தவணை, வகை-1 போலியோவுக்கு எதிராக இந்தியாவின் மற்ற பகுதிகளில் 21 சதவிகிதம் பாதுகாப்புக் கொடுத்தது. உத்தரப்பிரதேசத்தில் 9 சதவிகிதம்தான். நெரிசலும் சாக்கடையும் ஓயாத வயிற்றுப்போக்கும் குழந்தைகளின் குடலில் மருந்தை வேலை செய்யவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தன. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், ஏழு தவணை கொடுத்த பிறகும் நூறு பிள்ளைகளில் 52 பேர் பாதுகாப்பில்லாமல் நிற்கிறார்கள்.

ஏழு தடவை கொடுத்தும் ஏன் என்று கேட்ட தாய் கண்ணால் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறார். சாக்கடையைக் காட்டிக் கேட்டவரும் தெரியாமலேயே காரணத்தைச் சரியாகச் சுட்டியிருக்கிறார். இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான்.

வேலூர் வாசகர்களுக்கு இதில் புதிது ஒன்றும் இல்லை. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் ஆய்வாளர் டி. ஜேக்கப் ஜான், மேலை நாட்டில் மூன்று தவணையில் வேலை செய்யும் சொட்டு மருந்து வெப்ப மண்டலக் குழந்தைகளிடம் அப்படி வேலை செய்வதில்லை என்று 1972-லேயே எழுதினார். ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டும் இருந்தார். அவர் பேச்சு எடுபட எத்தனை காலம் ஆயிற்று என்று பார்த்தால், ஆதாரத்தைக் கேட்டும் மனம் மாறாமல் இருப்பது படிக்காதவர்களின் தனிச்சொத்து அல்ல என்பது விளங்கும்.

பிறகு மருந்து மாறியது. 2005-ல் வகை-1க்கு மட்டுமான ஒருவகைச் சொட்டு மருந்து வந்திருந்தது; அதன் ஒரு தவணைப் பாதுகாப்பு 30 சதவிகித அளவுக்கு இருந்ததாக அடுத்து வந்த ஆய்வு சொன்னது. அதே ஏழு தவணைக் கணக்கில் பாதுகாப்பில்லாதவர்கள் 52-லிருந்து 8-ஆக இறங்குகிறார்கள். 2010 ஜனவரியில் இருவகை மருந்து. 2009-ல் நாட்டில் 741 ஆக இருந்த பாதிப்பு, 2010-ல் 42. கடைசியாக, 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு சிறுமி. 2014 மார்ச் 27-ல் போலியோ இல்லாத பகுதி என்ற சான்றிதழ்.

இந்தக் கதையை 'அன்பு வென்றது' என்று சொல்லி முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பழைய மருந்தையே கையில் வைத்துக்கொண்டு இன்னும் இனிமையாக, இன்னும் பொறுமையாகப் பேசியிருந்தால், அது இனிமையாகச் சொன்ன அரைப் பொய்யாகவே இருந்திருக்கும். எதிராளி சொல்வதைக் காதில் வாங்குவதன் முதல் பயன் அவர் மனம் குளிர்வதல்ல. நம் ஆதாரத்தில் ஓட்டை எங்கே என்று தெரிவதுதான்.

அச்சடித்த உண்மையும் வாசற்படிப் பேச்சும்

அமெரிக்காவில் பிரெண்டன் நைஹன் குழுவினர் 2014-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும். 1,759 பெற்றோர்கள். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பயம் அங்கே பரவியிருந்த காலம். பயத்தைக் கிளப்பிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998-ஆம் ஆண்டுக் கட்டுரை 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்டது. 2010-ல் 'லான்செட்' இதழ் அதைத் திரும்பப் பெற்றது, ஆளின் மருத்துவப் பதிவும் போயிற்று. பயம் மட்டும் போகவில்லை. பெற்றோர்களில் ஒரு பிரிவுக்கு ஆட்டிசத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்ற அரசின் விளக்கம் கொடுக்கப்பட்டது. படித்தவர்கள் நம்பினார்கள், தொடர்பில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் தடுப்பூசி மீது ஏற்கெனவே அதிகம் கசந்திருந்தவர்கள், அடுத்த பிள்ளைக்குப் போடுவீர்களா என்று கேட்டபோது முன்னைவிடக் குறைவாகவே தலையசைத்தார்கள். நோயுற்ற குழந்தைகளின் படத்தைக் காட்டிய பிரிவில் ஆட்டிசப் பயம் கூடியது.

இதை வைத்துக்கொண்டு 'உண்மையைச் சொன்னால் திருப்பி அடிக்கும்' என்று ஒரு கோட்பாடே கிளம்பியது. அதுவும் மிகை. தாமஸ் வுட், ஈத்தன் போர்ட்டர் இருவரும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 52 விஷயங்களில் சோதித்துப் பார்த்து, அப்படித் திருப்பி அடிப்பது அபூர்வம் என்று 2019-ல் எழுதினார்கள். நைஹனும் பின்னர் தன் பழைய முடிவு அளவுக்கு மீறி எடுத்தாளப்படுவதாகச் சொன்னார். மிச்சமாக நிற்பது எளிய விஷயம்: தகவலை மக்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள், முடிவை மட்டும் அந்தத் தகவலை வைத்து எடுப்பதில்லை. பழைய காரணம் உடைந்ததும் மனம் இன்னொரு காரணத்தைத் தேடிக்கொள்கிறது. ஏனென்றால் பயம் வேறு எங்கேயோ இருக்கிறது.

அந்த 'வேறு எங்கேயோ' என்னவென்று வாசற்படியில் நின்று தேடியவர்கள் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்தார்கள். 2008 நவம்பரில் கலிபோர்னியா வாக்காளர்கள் தன்பாலினத் திருமணத்துக்கு எதிராக வாக்களித்த பிறகு, டேவ் பிளைஷர் என்பவரின் தலைமையில் தன்னார்வலர்கள் அதற்கு எதிராக அதிகம் வாக்களித்த பகுதிகளுக்கே போய்க் கதவைத் தட்டினார்கள். ஏன் அப்படிப் போட்டீர்கள் என்று கேட்டார்கள். பதிலுக்கு முகம் சுளிக்கவில்லை. உங்களை யாராவது வேறுமாதிரி ஆள் என்று ஒதுக்கிய அனுபவம் உண்டா என்று கேட்டு, தங்கள் அனுபவத்தையும் சொன்னார்கள்.

இது பலிக்கிறது என்று 2014 டிசம்பரில் ஓர் ஆய்வு வெளியாகி உலகமே பேசியது. ஆய்வை நடத்திய மைக்கேல் லக்கூர் தரவுகளைத் தானே புனைந்திருந்தார்! அடுத்த மே மாதம் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மனிதநேயத்தைப் பற்றிய ஆய்விலேயே பொய். ஆனால் மோசடியைக் கண்டுபிடித்த டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இரண்டு இளைஞர்கள், அதே முறையை மயாமி நகரில் திருநர் குறித்த வெறுப்பு பற்றி ஒழுங்காகச் சோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். பத்து நிமிடப் பேச்சு. விளைவு மூன்று மாதம் கழித்தும் தங்கியிருந்தது. எல்லோரும் மாறிவிடவில்லை, ஏறத்தாழ பத்தில் ஒருவர். 2020-ல் அதே இருவர் இன்னொன்றையும் காட்டினார்கள்: அனுபவப் பரிமாற்றத்தை எடுத்துவிட்டு வாதத்தை மட்டும் பேசிப் பார்த்தபோது விளைவு ஏதுமில்லை.

பத்தில் ஒருவர் என்பது சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். பத்து நிமிடத்தில் யாராவது உங்கள் மனத்தைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று யோசித்தால் ஏமாற்றம் குறையும்.

கரிசனம் வேஷமானால்

பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் 2011-ல் ஒரு தடுப்பூசி முகாம் நடந்தது. மஞ்சள்காமாலை-பி ஊசி, இலவசம். முகாமின் பின்னால் இருந்தது அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.; ஒசாமா பின்லேடன் ஒளிந்திருந்த வீட்டுக்காரர்களின் மரபணு மாதிரி கிடைக்குமா என்று பார்க்க டாக்டர் ஷகீல் அஃப்ரிதி மூலம் நடத்தியது. 'தடுப்பூசி என்பது அமெரிக்கச் சதி' என்று அதுவரை உளறிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரே நாளில் ஆதாரம் கிடைத்துவிட்டது. அடுத்த ஆண்டு வஜீரிஸ்தானில் தாலிபான் தளபதிகள் போலியோ சொட்டு மருந்தைத் தடை செய்தார்கள். 2012 டிசம்பரில் சொட்டு மருந்துப் பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2014-ல் பாகிஸ்தானில் 306 குழந்தைகளுக்குப் போலியோ. அந்த ஆண்டு மே மாதம்தான், இனி தடுப்பூசித் திட்டங்களை உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று வெள்ளை மாளிகை எழுதிக் கொடுத்தது.

நைஜீரியாவின் கானோ மாகாணம் 2003-ல் சொட்டு மருந்தை நிறுத்தியபோதும் உலகம் மதவெறி என்றுதான் எழுதியது. கானோ மக்களுக்கு 1996 நினைவிருந்தது. மூளைக்காய்ச்சல் பரவிய அந்த ஆண்டில் ஃபைசர் நிறுவனம் அங்கே குழந்தைகளிடம் புதிய மருந்தைச் சோதித்தது. பெற்றோரிடம் ஒழுங்காகச் சம்மதம் வாங்கவில்லை என்ற வழக்கு கடைசியில் 2009-ல் ஏழரைக் கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. பதினோரு மாத மறுப்புக்குப் பிறகு 2004-ல் கானோ மறுபடியும் ஒப்புக்கொண்டது. வழிசெய்தது வாதம் அல்ல. முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் தயாரான மருந்து வந்தது, அவ்வளவுதான். மருந்து என்னவோ ஒன்றுதான், வந்த கை வேறு. இதில் ஒரு கொடுமை: கானோவின் மறுப்புக் காலத்தில் கிளம்பிய வைரஸ் நாடு நாடாகத் தாவி, 2005-ல் இந்தோனேசியாவிலேயே நூற்றுக்கணக்கான குழந்தைகளை முடக்கியது.

எல்லா இடத்திலும் மெல்லப் பேசினால்தான் ஆகும் என்றும் இல்லை. போலியோ விளம்பரங்களில் முதலில் கனிவாக அழைத்த அமிதாப் பச்சன், ஒரு கட்டத்தில் கோபமாகத் திட்டினார். முகாமுக்கு வந்த தாய்மார்கள் 'அமிதாப்ஜி கோபமாக இருக்கிறார்' என்று சொன்னதாக அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். வேற்றாள் திட்டினால் கதவு சாத்தப்படும். தாங்கள் பாசம் வைத்திருக்கிறவர் திட்டினால் அது உரிமை.

நம் ஊரில்

தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரி 6 அன்று தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும். தடுப்பூசியில் நாட்டுக்கே முன்னோடி என்று பெயரெடுத்த மாநிலத்தில் வாட்ஸ்அப் குரல்பதிவுகள் கிளம்பி, பெற்றோர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவே தயங்கினார்கள். பிப்ரவரியில் முடியவேண்டிய இயக்கம் மார்ச்சுக்கு நீண்டது. குரல்பதிவுகளில் இருந்தவை பெரும்பாலும் குப்பை. ஆனால் படித்த பெற்றோர் பலரின் கேள்வி நியாயமானது: என் பிள்ளைக்குத் தனியார் மருத்துவரிடம் எம்.எம்.ஆர். போட்டாயிற்று, மறுபடி எதற்கு? இதற்கு நல்ல பதில் இருந்தது. ஒரு தவணையில் எல்லோருக்கும் எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. கூடுதல் தவணையால் கெடுதல் இல்லை. ஒரே சமயத்தில் எல்லோருக்கும் போட்டால்தான் வைரஸ் ஓடும் சங்கிலி அறும். இயக்கத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய அந்தப் பதில், 'வதந்திகளை நம்பாதீர்கள்' என்ற அறிவிப்புக்குப் பின்னால் வந்து சேர்ந்தது.

2021 ஏப்ரலில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மக்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்பதற்காகவே ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார் நடிகர் விவேக். மறுநாள் மாரடைப்பு, அதற்கு மறுநாள் மரணம். இதய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது, ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். அதை ஆராய்ந்த தேசியக் குழுவும் அக்டோபரில் அதையே உறுதி செய்தது. அந்த ஆறு மாதத்தில் எத்தனை டீக்கடையில் எத்தனை பேச்சு! ஊசிக்கு அடுத்து வந்ததெல்லாம் ஊசியால் வந்ததல்ல என்பது வகுப்பறையில் எளிது. நேசித்த ஒருவரின் மரணத்துக்கு மறுநாள் சொல்லும்போது அது இரக்கமில்லாத வாதம்போல ஒலிக்கும். துக்கத்தைத் துக்கமாக ஒப்புக்கொண்டுவிட்டுப் பேசியவர்களிடம்தான் ஜனங்கள் காது கொடுத்தார்கள் என்பது என் அனுமானம்.

அதே ஆண்டு தமிழக அரசு செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். செப்டம்பர் 12 முதல் ஞாயிறுதோறும் மாபெரும் தடுப்பூசி முகாம். முதல் நாளே 28 லட்சத்துக்கும் மேல். ஆனால் ஞாயிறு என்றால் கறிச்சோறு, சிலருக்கு சரக்கும். அசைவம் சாப்பிட்டு, மது குடித்துவிட்டு ஊசி போடக்கூடாது என்ற எண்ணம் பரவியிருந்தது. அதெல்லாம் தவறு என்று சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் சொன்னார், சொல்லிவிட்டு, அடுத்த முகாமை அக்டோபர் 23, சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார். மூடநம்பிக்கைக்கு அரசே பணிவதா என்று முணுமுணுத்தவர்கள் இருந்திருக்கலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. தவறைச் சரி என்று சொல்லியிருந்தால் அது பணிதல். தவறு தவறுதான் என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக் கறிக்குழம்போடு மல்லுக்கட்டாமல் நாளை மாற்றியது வேறு.

பெரியப்பாவின் முள்சீத்தா

குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் பத்தாண்டுகளாகச் சுற்றும் ஒரு செய்தி: முள்சீத்தாப்பழம் கீமோதெரபியைவிடப் பத்தாயிரம் மடங்கு சக்தி வாய்ந்தது. எந்த வீட்டிலும் ஒரு பெரியப்பா இதை அனுப்புவார். எந்த வீட்டிலும் ஒரு தம்பி மகன், நாற்பது பேர் பார்க்க, 'இது ஃபேக்' என்று ஒரு சுட்டியைப் போடுவான். பெரியப்பா அமைதியாகிவிடுவார். மனம் மாறியதாக அர்த்தமில்லை. தம்பி பிள்ளை சபையில் மூக்கறுத்துவிட்டான் என்றுதான் அர்த்தம். அடுத்த வாரம் அதே செய்தி வேறு குழுவுக்குப் போகும்.

தனியாக ஒரு போன் போட்டு, "ஏன் பெரியப்பா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டால் விஷயம் வேறு திசையில் போகக்கூடும். அவரோடு வேலை பார்த்தவர் கீமோவில் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். தனக்கே எடுக்கவேண்டிய ஒரு பரிசோதனையை மாதக்கணக்காகத் தள்ளிப் போட்டிருக்கலாம். அப்போதுதான் எந்தத் தகவல் தேவை என்பது தெரியும். அந்தப் 'பத்தாயிரம் மடங்கு' சோதனைக்கூடத்தில் செல்கள் மீது பார்த்தது, மனிதர்களிடம் அல்ல என்பதைச் சொல்லலாம். அந்தப் பழத்தையும் அதன் இலைக் கஷாயத்தையும் அதிகம் உட்கொள்ளும் குவாதலூப் தீவில், நடுக்கவாதம் போன்ற ஒரு நரம்பு நோயோடு அதற்குத் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் வந்திருப்பதையும் சொல்லலாம். 'அந்த டெஸ்ட்டுக்கு நான் கூட வர்றேன்' என்பது இரண்டையும்விடப் பயன்படலாம்.

இதை நம் கிராம சுகாதார செவிலியர்கள் எந்த ஆய்வும் படிக்காமல் செய்கிறார்கள். புதன்கிழமை தடுப்பூசி நாள். "போன தடவை ஊசி போட்டு ராத்திரி முழுக்கக் காய்ச்சல்க்கா, ரெண்டு நாள் நூறு நாள் வேலைக்குப் போகல" என்று ஒரு தாய் சொன்னால், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்பவர் அடுத்த புதன் அந்தப் பிள்ளையைப் பார்க்க மாட்டார். "காய்ச்சல் வரும்மா, நிறையப் பிள்ளைகளுக்கு வரும். இந்தக் காய்ச்சல் மருந்து வச்சுக்கோ, எடைக்கு இவ்வளவு. ராத்திரி அழுதா எனக்குப் போன் பண்ணு" என்பவரிடம் கரிசனம் எங்கே முடிந்து தகவல் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. கெட்ட செய்தியை முன்கூட்டியே சொல்வதே அங்கே கரிசனம்.

அடுத்த பரீட்சை

கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி. இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வருகிறது. சீரம் நிறுவனத்தின் உள்நாட்டுத் தடுப்பூசி 2023-ல் சந்தைக்கு வந்தது. பெண் குழந்தைகளுக்கு இதைப் படிப்படியாகப் போடுவதாகத் தமிழக அரசு 2025–26 பட்ஜெட்டில் அறிவித்தது.

கேள்விகளை இப்போதே எழுதி வைத்துவிடலாம். வயதுக்கு வந்த பெண்ணுக்கு ஏன் இந்த ஊசி? ஆம்பளைப் பிள்ளைக்கு ஏன் இல்லை? இது கருத்தடைக்கா? எங்கேயோ இதைப் போட்டுப் பிள்ளைகள் செத்ததாமே?

கடைசிக் கேள்விக்கு 'வதந்தி' என்று பதில் சொல்லப்போகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பத்திலிருந்து பதினான்கு வயதுச் சிறுமிகளுக்கு இந்த ஊசியைச் சோதனைத் திட்டமாகப் போட்டார்கள். ஏழு சிறுமிகள் இறந்தார்கள். இறப்புகளுக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு சொன்னது. ஆனால் 2010 ஏப்ரலில் திட்டமே நிறுத்தப்பட்டது. பழங்குடிச் சிறுமிகள் தங்கிப் படித்த விடுதிகளில், பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள் என்பது நிஜம். நாடாளுமன்ற நிலைக்குழு 2013-ல் அதைக் கடுமையாகக் கண்டித்தது.

பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டு இதைப் பேசப்போகும் மருத்துவர், பிள்ளைகள் சாவுக்கு ஊசி காரணமல்ல என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னவர் ஆவார். கையெழுத்து விஷயத்தில் நடந்தது அநியாயம் என்பதையும் அவரே வாய்திறந்து சொல்ல வேண்டும். பின்வரிசையிலிருந்து ஒரு தாய் போனில் வந்த வீடியோவைக் காட்டி எழுந்து நிற்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். இந்த முறை படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட எத்தனை நாள் தருவார்கள் என்பதையும் அதே கூட்டத்தில் அறிவித்துவிட்டால் நல்லது.